பிள்ளைகள் கையில் பத்து ரூபாய்

குழுவில் சேமிப்பை நாள் தவறாமல் கட்டி, நோட்டில் எழுதுகிறோம். வீட்டில் பிள்ளை காசு கேட்டால் மட்டும் ஒருநாள் அஞ்சு, ஒருநாள் இருபது, இன்னொரு நாள் அதட்டல். இதில் பிள்ளை அடம்பிடிக்கத்தான் படிக்குது.

குழுக் கூட்டம் மாதிரி ஒரு கிழமையைக் குறித்து, பத்தோ இருபதோ, முடிந்ததைக் கொடுங்கள். திங்கள் கொடுத்தது புதனே தீர்ந்தாலும் அடுத்த திங்கள்தான். பாவம்னு இடையில் கொடுத்தால் பாடம் போச்சு. (நோட்டு, பேனா செலவு இதில் சேராது, அது நம் பொறுப்பு.) வீட்டு வேலைக்குக் கூலியாகவும் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் தீப்பெட்டி ஒட்டிச் சம்பாதித்த காலத்தைப் பார்த்த வட்டாரம் நம்முடையது.

உண்டியல் நிறைந்ததும் மல்லாங்கிணறு தபால் ஆபீசுக்குக் கூட்டிப் போங்கள். பத்து வயது முடிந்த பிள்ளை தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே நடத்தலாம். முதலில் 500 ரூபாய் வேண்டும். பிறகு 10 ரூபாய்கூடப் போடலாம். இருப்பு மட்டும் 500-க்குக் கீழே போகக் கூடாது.

இன்னொன்று, கொஞ்சம் கசக்கும். தவணை நாளில் கை கடித்தால் உண்டியலை உடைக்கிறோமே, அது பிள்ளையிடம் வாங்கும் கடன். கேட்டு வாங்குங்கள். அதன் நோட்டில் எழுதுங்கள். சொன்ன தேதியில், பிள்ளை கண் முன்னாலேயே திருப்பிப் போடுங்கள்.