மூடிய கேட்டின் முன்னே

நாம் கடைத்தெருவுக்குப் போகும் வழியில் இரயில்வே கேட் ஒன்று இருப்பதை அறிவீர்கள். சென்ற மாதம் ஒரு மாலை அது மூடியிருந்தது. வண்டி ஒன்று கடந்து சென்றது. இனித் தடையில்லை என்று எண்ணி, சைக்கிளைச் சாய்த்துக் கட்டைக்குக் கீழே நுழைத்தேன். இரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் என் தோளைப் பற்றிப் பின்னுக்கு இழுத்தார். சினத்துடன் திரும்பினேன். அதற்குள் மறுபாதையில் இன்னொரு வண்டி பாய்ந்து சென்றது. தலைகுனிந்தேன்.

அன்றிரவே நூலகத்தில் சட்ட நூலைப் புரட்டினேன். 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு, இருப்புப்பாதைக்குள் அத்துமீறி நுழைவோர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதித்தது. 160ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. மூடிய கேட்டை உரிமையின்றித் திறப்போர்க்கு மூன்றாண்டு வரை சிறை. உடைப்போர்க்கு ஐந்தாண்டு வரை.

சட்டம் மட்டும் போதுமா? ஆளில்லாக் கேட்டில் வண்டியை நிறுத்தி, ஒருவர் இறங்கிப் பாதையைப் பார்த்த பின்னரே ஓட்ட வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பணித்தது. ஆனால், வயல்வெளியில் அதைக் கண்காணிப்பவர் யார்? 2018 ஏப்ரல் 26இல் உத்தரப் பிரதேசத்துக் குசிநகர் மாவட்டத்தில், ஆளில்லாக் கேட்டில் பள்ளி வேன்மீது இரயில் மோதிப் பதின்மூன்று குழந்தைகள் மாண்டனர். கேட்டுக்கொரு காவலரை நிறுத்த இயலுமா? ஆகவே ஆள் அமர்த்தியும், வழியை மூடியும், சுரங்கப்பாதை அமைத்தும், 2019 ஜனவரிக்குள் அகலப்பாதையில் ஆளில்லாக் கேட்டுகள் ஒழிக்கப்பட்டன.

ஆள் இருந்தாலும் பிழை நேரலாம். 2025 ஜூலை 8இல் கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில் பள்ளி வேன்மீது இரயில் மோதி மாணவர் மூவர் இறந்தனர். அந்தக் கேட் சிக்னலோடு இணைக்கப்படாதது. இணைப்பு இருந்தால், கேட் மூடிப் பூட்டப்படும் வரை வண்டிக்குச் சிக்னல் விழாது. இதைச் செய்து தருவது அரசின் கடமை.

நம் கடமை என்ன? மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் ஓடுகிறது. அரைக் கிலோமீட்டர் தொலைவில் தெரியும் வண்டி பதினெட்டே நொடியில் நம்மீது வந்துவிடும். முதல் வண்டி போனபின்னும் கேட் மூடியே இருந்தால், மற்றொன்று வருகிறது என்று பொருள்.

அன்று காவலர் இருந்தார், பிழைத்தேன். நாளை அவர் வேறிடத்தில் இருப்பார். நண்பர்களே, அவர் இல்லாத நாளிலும் கேட் திறக்கும் வரை நிற்போமா?