கிட்னி மாத்தியாச்சு, அப்புறம் கேன்சர் பயம் எதுக்கு?



இந்தியாவில் முதன்முதலாகச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது எங்கே தெரியுமா? நம்ம வாலாஜாபாத்துக்கு அதிக தூரமில்லாத வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், 1971-ஆம் ஆண்டு. இன்று டயாலிசிஸுக்குப் போகிறவர், கிட்னி மாற்றிக்கொண்டவர் என்று ஒருவரையாவது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அந்த வீடுகளில் அதிகம் பேசாத விஷயம் ஒன்று உண்டு. கிட்னி மாற்றிக்கொண்டவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 2 முதல் 3 மடங்கு அதிகம். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் இது ஓரளவு கூடுதல்தான்.

ஏன் இப்படி?

நம்ம எதிர்ப்பு சக்திக்கு இரண்டு வேலை. ஒன்று, வெளியிலிருந்து வரும் அந்நியப் பொருளைத் தாக்குவது. இன்னொன்று, உள்ளேயே கெட்டுப்போகும் செல்லைக் கண்டுபிடித்து அழிப்பது. புதுக் கிட்னியும் உடம்புக்கு அந்நியம்தானே? அதைத் தாக்காமல் இருக்கத்தான் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட் போன்ற மாத்திரைகள். ஆனால், முதல் வேலையை மட்டும் தனியாக நிறுத்த மாத்திரைக்குத் தெரியாது. இரண்டாவது காவலும் சேர்ந்தே தளர்ந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து, உடம்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த சில வைரஸ்கள் தலைதூக்கும். எப்ஸ்டீன்-பார் வைரஸால் நிணநீர்ப் புற்றுநோயும், எச்.பி.வி.யால் கருப்பைவாய்ப் புற்றுநோயும், ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களால் கல்லீரல் புற்றுநோயும் வரலாம்.

பழைய கிட்னி என்ன ஆகும்?

பெரும்பாலும் அதை எடுக்க மாட்டாங்க! புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கம் வைத்து இணைத்துவிடுவாங்க. பழையது சுருங்கி அங்கேயே இருக்கும். பல வருடம் டயாலிசிஸில் இருந்தவர்களுக்கு அதில் நீர்க்கட்டிகள் வரும். சிலருக்கு அது புற்றுநோயாக மாறவும் கூடும்.

அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா?

கூடவே கூடாது! நிறுத்தினால் உடம்பு புதுக் கிட்னியை நிராகரித்துவிடும், மறுபடியும் டயாலிசிஸ்தான். நாம படிக்கிற ஃபீட்பேக் லூப் ஞாபகம் இருக்கா? இங்கேயும் அதேதான். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துப் பார்த்து டாக்டர் டோஸைச் சரிசெய்வார். கூடினால் புற்றுநோய், தொற்று பயம். குறைந்தால் கிட்னிக்கு ஆபத்து. அந்த நடு அளவை வீட்டில் இருந்துகொண்டு நாமே முடிவு செய்ய முடியாது.

என்ன செய்யலாம்?

* புகையிலையை அடியோடு விடணும்.
* ஹெபடைடிஸ் பி, எச்.பி.வி. தடுப்பூசிகளை முடிந்தவரை ஆபரேஷனுக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.
* பெண்கள் கருப்பைவாய், மார்பகப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது.
* கழுத்திலோ அக்குளிலோ கட்டி, ஆறாத புண், சிறுநீரில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இதில் எது வந்தாலும் உடனே டாக்டரிடம் சொல்லணும்.

காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணா 1969-இல் புற்றுநோயால்தான் மறைந்தார். அவர் பெயரிலேயே காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சந்தேகம் வந்தால் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை.

கிட்னி மாற்றியவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், அவரைப் பயமுறுத்தாதீங்க. "மாத்திரையை விடாதீங்க, செக்கப்பையும் விடாதீங்க" என்று மட்டும் சொல்லுங்க. அது போதும்.