டிரெட்மில்லிடம் எதைக் கேட்கலாம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவரின் ஒழுங்கு தெரிந்தது. வயது 29, உயரம் 172 செ.மீ. வாரம் ஐந்து நாள் எடைப்பயிற்சி, அது முடிந்த கையோடு 45 நிமிடம் டிரெட்மில், இரவில் சோறு கிடையாது. மூன்று மாதத்தில் எடை 82-லிருந்து 74 கிலோவுக்கு வந்துவிட்டது. ஆனால் புஜம் சிறுத்துவிட்டது, தொப்பை முழுதாகப் போகவில்லை, ஸ்குவாட்டில் 90 கிலோ வைத்தவர் இப்போது 80-க்கே திணறுகிறீர்கள். ஜிம் மாஸ்டர் "கார்டியோவை விடு, மசில் கரையுது" என்கிறார். மாரத்தான் ஓடும் அலுவலக நண்பரோ இன்னும் ஓடினால் வயிறு உள்ளே போய்விடும் என்கிறார். இதில் யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

இருவரும் உங்கள் சாப்பாட்டைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. ஆனாலும் மாஸ்டரின் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் என்றொரு உடலியல் ஆய்வாளர் இருந்தார். பளு தூக்கும் பழக்கம் உள்ளவர். செயின்ட் லூயிஸ் நகரில் ஜான் ஹொலோசி என்ற பெரிய விஞ்ஞானியின் ஆய்வகத்தில் சேர்ந்தார். ஹொலோசி ஓட்டப் பிரியர். அவரோடு சேர்ந்து ஓடத் தொடங்கிய ஹிக்சன், பளு தூக்குவதை விடாதபோதும் தன் பலம் குறைவதைக் கவனித்தார். அதையே பிற்பாடு சோதனையாக நடத்தி 1980-இல் வெளியிட்டார். மூன்று குழுக்கள், பத்து வாரங்கள். ஒரு குழுவுக்குப் பளு மட்டும், இன்னொன்றுக்கு ஓட்டமும் சைக்கிளும் மட்டும், மூன்றாவதற்கு இரண்டும். மூன்றாவது குழுவின் கால் பலம் ஏழெட்டு வாரம் வரை பளு மட்டும் தூக்கியவர்களுக்கு இணையாக ஏறியது. பிறகு நின்றது. கடைசி இரண்டு வாரங்களில் இறங்கவும் தொடங்கியது. பளு மட்டும் தூக்கியவர்களின் பலமோ கடைசி வரை ஏறிக்கொண்டே இருந்தது.

உலகெங்கும் ஜிம்களில் உலவும் "கார்டியோ மசிலைத் தின்னும்" என்ற பேச்சுக்கு அறிவியல் ஆதாரமாகக் காட்டப்படுவது பெரும்பாலும் இந்தச் சோதனைதான். ஆனால் அந்த மூன்றாவது குழு என்ன செய்தது என்று யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. வாரம் ஐந்து நாள் கால்களுக்குக் கனமான பளு. அதோடு வாரம் ஆறு நாள் ஓட்டமோ சைக்கிளோ. அதுவும் பூங்காவில் நடக்கும் ஓட்டம் இல்லை. அரை மணி முதல் நாற்பது நிமிடம் வரை இயன்ற மட்டும் வேகமாக ஓட வேண்டும், அல்லது உச்ச மூச்சில் ஐந்து ஐந்து நிமிடமாக ஆறு முறை பெடல் மிதிக்க வேண்டும். அப்படிப்பட்ட கால்கள் ஏழு வாரம் தாக்குப்பிடித்ததே பெரிது. இன்னொன்றும் கவனியுங்கள்: இரண்டையும் செய்தவர்களின் மூச்சுத் திறன், ஓட்டம் மட்டும் செய்தவர்களுக்குச் சமமாகவே வளர்ந்திருந்தது. பளு ஓட்டத்தைக் கெடுக்கவில்லை.

அதன்பிறகு நாற்பதாண்டு ஆராய்ச்சி சேர்ந்துவிட்டது. 2022-இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னது இது: பளுவோடு கார்டியோவும் செய்பவர்களுக்குத் தசை வளர்ச்சியிலும் உச்ச பலத்திலும் குறிப்பிடும்படியான இழப்பு இல்லை. துள்ளல், வெடிப்பு வேகம் போன்ற திறன்தான் கொஞ்சம் மட்டுப்படுகிறது, அதுவும் இரண்டையும் ஒரே மூச்சில் அடுத்தடுத்துச் செய்தால். நீங்கள் நூறு மீட்டர் ஓட்டக்காரர் இல்லை. எனவே மாஸ்டரிடம் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுக் கார்டியோவைத் தொடருங்கள். ஆனால் இப்போது செய்யும் விதத்தில் வேண்டாம். (யூடியூபில் எம்டார், ஏஎம்பிகே என்று இரண்டு மூலக்கூறுகளின் பெயரைச் சொல்லி, கார்டியோவில் ஒன்று எரிந்தால் தசை வளர்க்கும் மற்றது அணையும் என்று படம் போட்டுக் காட்டுவார்கள். உடம்புக்குள் அவ்வளவு சுலபமான ஸ்விட்ச் எதுவும் இல்லை. கடந்து போய்விடுங்கள்.)

இனி நண்பர் சொன்னதற்கு வருவோம். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் 45 நிமிடம் என்றால் 6 கி.மீ. ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி என்பது கைக்கணக்கு. 74-ஐ 6-ஆல் பெருக்கினால் 444. வியர்த்து விறுவிறுத்து இறங்கியதற்கு இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இஷ்டப்படி சாப்பிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மதியம் பிரியாணி, இரவு இரண்டு பரோட்டாவும் சால்னாவும் என்றால் இரண்டு மூன்று நாள் ஓட்டம் அங்கேயே கரைந்துவிடும். களைத்துப்போன உடம்பு மிச்ச நேரத்தில் அசையாமல் உட்கார்ந்து தானும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கும். மாடிப்படியை விட்டு லிஃப்டைத் தேடுவது, கடைக்கு வண்டியை எடுப்பது, இதெல்லாம் நீங்கள் முடிவெடுத்துச் செய்வதில்லை. தானாக நடக்கும்.

தொப்பையைக் குறைக்கிற வேலையை டிரெட்மில்லிடம் ஒப்படைத்தது உங்கள் திட்டத்தின் கோணல். அதைத் தட்டில்தான் பார்க்க வேண்டும். தசையைக் காப்பதும் வளர்ப்பதும் இரும்பின் வேலை. கார்டியோவை இதயத்துக்காகச் செய்யுங்கள். வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டால், எடைப்பயிற்சி எத்தனை சதவீதம், கார்டியோ எத்தனை சதவீதம் என்று நீங்கள் கேட்டிருந்த கேள்விக்கே இடமில்லை.

எடை இறங்கியது உண்மை, ஆனால் இறங்கியது எது? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து 2016-இல் வெளிவந்த ஒரு சோதனை உங்கள் நிலைமைக்கு நேராகப் பொருந்தும். எடை கூடிய இளைஞர்கள், நான்கு வாரம், தேவையைவிட நாற்பது சதவீதம் குறைந்த உணவு, வாரம் ஆறு நாள் பளுவும் கடுமையான கார்டியோவும். ஒரு குழுவுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 1.2 கிராம் புரதம். இன்னொரு குழுவுக்கு 2.4 கிராம். முதல் குழு 3.5 கிலோ கொழுப்பை இழந்தது, தசை முதலான கொழுப்பில்லாத எடை ஏறக்குறைய அப்படியே இருந்தது. இரண்டாவது குழு 4.8 கிலோ கொழுப்பை இழந்து, பட்டினிக்கு நடுவிலும் 1.2 கிலோ கொழுப்பில்லாத எடையைச் சேர்த்தது. இரண்டு குழுவும் ஓடியது, இரண்டும் பளு தூக்கியது. வித்தியாசம் சாப்பாட்டில்.

உங்கள் உணவுப் பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். காலையில் நான்கு இட்லி, அதில் எட்டு கிராம் புரதம் இருந்தால் அதிகம். மதியம் சோறு, சாம்பார், ஒரு பொரியல், கொஞ்சம் தயிர். மாலை டீயும் இரண்டு பிஸ்கட்டும். இரவு மூன்று சப்பாத்தி. எல்லாம் சேர்ந்து 50 கிராமைத் தாண்டாது. உங்களுக்குக் குறைந்தது கிலோவுக்கு 1.6 கிராம், அதாவது 118 கிராம் வேண்டும். இதற்குப் பவுடர் டப்பா அவசியமில்லை. ஒரு முட்டையில் 6 கிராம். எலும்பில்லாத கோழி 150 கிராம் வாங்கிச் சமைத்தால் 30-ஐத் தாண்டும். உலர்ந்த சோயா உருண்டை 50 கிராமில் 25. நூறு கிராம் பனீரில் 18. மாலை பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டால் பன்னிரண்டோ பதின்மூன்றோ. வேர்க்கடலையைப் புரதம் என்று அள்ளிப் போட்டுக்கொள்ளாதீர்கள், அதில் பாதி எண்ணெய். அப்புறம், சோற்றின்மேல் ஏன் இத்தனை கோபம்? மாலையில் பளு தூக்குபவருக்கு மதியச் சோறுதான் எரிபொருள். அளவாகப் போட்டுக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

"என்னைப் பார்த்தால் ஒல்லி, சட்டையைக் கழற்றினால் தொப்பை" என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் கூச்சம் உங்களுக்கு மட்டும் உரியதில்லை. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கின், இருவரும் பக்கத்தில் பக்கத்தில். உயரத்துக்கும் எடைக்குமான விகிதம், பிஎம்ஐ, இருவருக்கும் 22.3. ஆனால் உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இந்தியர்கள் பார்வைக்கு மெலிந்திருந்தாலும் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும், அதுவும் வயிற்றைச் சுற்றி, சேர்த்து வைத்திருக்கிறோம் என்று யாஜ்னிக் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். சர்க்கரை நோய் நம்மிடம் இளவயதிலேயே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். 2023-இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு அந்த நோய் இருக்கிறது. ரத்தத்துச் சர்க்கரையை வாங்கிச் சேமிக்கும் பெரிய கிடங்கு தசை. அதனால் இருக்கிற தசையைக் கரைத்து எடை குறைப்பது நமக்குக் கட்டுப்படியாகாத செலவு. நம்மவர்கள் மெலிவதற்கென்று ஓட்டத்தை மட்டும் நம்புவதை நான் எதிர்ப்பது இதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்? முதல் நான்கைந்து வாரம் எடையைக் குறைக்கவே முயலாதீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு, புரதத்தை ஏற்றி, ஸ்குவாட்டில் அந்த 90 கிலோவை மீட்டெடுங்கள். அதன்பிறகு தினமும் 300, 350 கலோரி மட்டும் குறைத்தால் வாரத்துக்கு 300 கிராம் அளவில் இறங்கும். மெதுவாகத் தெரியும். அந்த மெதுவுதான் வேண்டும். வயிற்றுக் கொழுப்பை மட்டும் தனியே கரைக்கும் பயிற்சி எதுவும் இல்லை. க்ரஞ்ச் நூறு போட்டாலும் வயிற்றுத் தசைதான் வலுக்கும், மேலிருக்கும் கொழுப்பு தன் முறை வரும்போதுதான் போகும். ஆண்களுக்குப் பெரும்பாலும் வயிற்றின் முறை கடைசியில் வருகிறது.

எடைப்பயிற்சி ஐந்து நாள் வேண்டாம், நான்கு போதும். திங்களும் வியாழனும் கால்கள், செவ்வாயும் வெள்ளியும் மேலுடம்பு. ஒவ்வொரு பெரிய தசைக்கும் வாரத்துக்குப் பத்து செட்டுக்குக் குறையாமல், ஒவ்வொரு செட்டும் இன்னும் இரண்டு முறை தூக்கலாம் என்கிற இடத்தில் நிற்கட்டும். தூக்கிய எடையை நோட்டில் எழுதுங்கள், கணக்குப் பிள்ளைக்குச் சொல்லவா வேண்டும். அந்த எண் ஏறிக்கொண்டோ, குறைந்தது நின்றுகொண்டோ இருக்கும் வரை தசை போகவில்லை என்று நம்பலாம். மாஸ்டர் கையைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதைவிட நோட்டு நம்பகமானது.

கார்டியோ வாரம் மூன்று முறை. செவ்வாய் மேலுடம்பு முடிந்தபின் அரை மணி சைக்கிள், புதன் நாற்பது நிமிடம் மிதமாக. மிதம் என்றால் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியும், பாட முடியாது. சனிக்கிழமை மட்டும் கடுமையாக: ஒரு நிமிடம் மூச்சு முட்ட, இரண்டு நிமிடம் மெல்ல, இப்படி ஏழெட்டுச் சுற்று. மறுநாள் ஓய்வு, ஆகையால் திங்கட்கிழமைக் கால்கள் தப்பித்துவிடும். ஓட்டத்தைவிடச் சைக்கிளை முன்னே வைக்கிறேன். ஒவ்வொரு அடியும் தரையில் மோதும் அதிர்ச்சியைக் கால் தசை தாங்க வேண்டிய ஓட்டம், மறுநாள் ஸ்குவாட்டைக் கூடுதலாகக் கெடுக்கும். ஓடத்தான் பிடிக்கும் என்றால் ஓடுங்கள், கால் பயிற்சிக்கு முந்தின நாள் மட்டும் வேண்டாம். ஒரே நாளில் இரண்டும் வந்தால் பளு முதலில். முடிந்தால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஆறு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

மசில்தான் வேண்டும், கார்டியோவை அறவே விட்டுவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஊழியர்களை ஆராய்ந்து எழுதினார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. உடற்பயிற்சியையும் இதயத்தையும் இணைத்த முதல் பெரிய ஆய்வு அதுதான். உங்கள் அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஸ்டென்ட் வைத்ததைக் கடிதத்தின் ஓரத்தில், வேறெதற்கோ குறிப்பிட்டிருந்தீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. கடுமையான சனிக்கிழமைச் சுற்றுகளைத் தொடங்கும் முன் ஒரு இதய மருத்துவரைப் பாருங்கள்.

தூக்கம். இரவு ஒரு மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழுகிறீர்கள். 2010-இல் சிகாகோவில் பத்துப் பேரை வைத்து நடந்த சிறிய ஆய்வு இது: ஒரே குறைந்த உணவு, ஒரு முறை எட்டரை மணி நேரம் படுக்கை, இன்னொரு முறை ஐந்தரை. இரண்டு வாரத்தில் இரண்டு முறையும் இழந்த எடை ஏறக்குறைய ஒன்றே, மூன்று கிலோ. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு, தூக்கம் குறைந்தபோது வெறும் 0.6 கிலோ. மீதியெல்லாம் கொழுப்பில்லாத எடை. வேலை நெருக்கடியில் அலுவலகம் நேரம் கேட்கும்போது நீங்கள் தூக்கத்தில் கைவைக்கிறீர்கள். அந்த வாரங்களில் ஒரு ஜிம் நாளை விட்டுவிட்டுப் போய்ப் படுங்கள்.

ஃபேட் பர்னர் மாத்திரை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், பெரும்பாலும் காபித்தூளின் சத்தைத்தான் அதிக விலைக்கு விற்கிறார்கள். கிரியேட்டின் வேறு கதை, தினம் 3 முதல் 5 கிராம், பளு தூக்குவதற்கு உதவும் என்பது நன்றாக நிறுவப்பட்டது. முதல் வாரங்களில் தசை தண்ணீர் பிடித்து எடை ஒரு கிலோ கூடலாம், அதைப் பார்த்து மறுபடி டிரெட்மில்லில் ஏறிவிடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் தொடவே கூடாது. இல்லாவிட்டாலும், ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். பரிசோதனைக்குப் போகும்போது இதைச் சாப்பிடுவதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்