பழைய ஆன்லைன் பாடங்களைத் தேடி எடுப்பது எப்படி?

சென்ற மாதம் கோயம்புத்தூரிலிருந்து அந்தியூர் வந்திருந்த என் அக்கா மகள், "மாமா, 2019-ல நான் படிச்ச பைத்தான் பாடம் மொத்தமும் காணாமப் போச்சுங்க. அடுத்த வாரம் இன்டர்வியூ" என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிட்டாள். கல்லூரி நாட்களில் என்பிடெல் தளத்தில் சேர்ந்து படித்த பாடம் அது. பிறகு திருமணம், குழந்தை என்று ஐந்தாறு ஆண்டுகள் ஓடிவிட்டன.

என்பிடெல் என்பது ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய திட்டம். பாடங்களை யாரும் இலவசமாகப் படிக்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற மட்டுமே கட்டணம். 2017 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளத்திலும் இப்பாடங்கள் இடம்பெறுகின்றன.

நீங்கள் படித்த பாடம் திரையில் இல்லையென்றால், முதலில் எந்த இமெயில் முகவரி மூலம் உள்ளே நுழைந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பாதிப் பேருக்குச் சிக்கல் இதுதான். வீட்டுக் கம்ப்யூட்டரில் அப்பா, மகன், மகள் என மூன்று ஜிமெயில் இருக்கும். பிரவுசர் அதில் ஏதோ ஒன்றைத் திறந்து வைத்திருக்கும். லாக்அவுட் செய்து, பாடத்தில் சேர்ந்தபோது கொடுத்த முகவரியில் நுழையவும். எந்த முகவரி என்று நினைவில்லையா? ஒவ்வொரு மெயில் பெட்டியிலும் சர்ச் கட்டத்தில் என்பிடெல் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். சேர்ந்ததற்கான கடிதம் வந்த பெட்டிதான் நீங்கள் தேடுவது.

அந்தக் கடிதத்தில் பாடத்தின் எண்ணும் இருந்தால் குறித்துக் கொள்ளுங்கள். என்ஓசி என்ற மூன்று எழுத்துகளை அடுத்து வரும் 19 என்பது ஆண்டு. பின்னால் சிஎஸ் என்றிருந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ், எம்ஏ என்றால் கணிதம் (பட்டம் அல்ல!). கடைசியில் இருப்பது வரிசை எண். ஒரே பாடம் பல ஆண்டுகளில் திரும்ப நடத்தப்படுவதால், பெயரை மட்டும் வைத்துத் தேடினால் நான்கைந்து வந்து நிற்கும். அப்போது இந்த எண் கைகொடுக்கும்.

எங்கள் வீட்டுப் பெண்ணின் சிக்கல் வேறு. அவள் கொடுத்திருந்தது கல்லூரி வழங்கிய முகவரி. படிப்பு முடிந்ததும் கல்லூரி அதை மூடிவிட்டது. எனவே வாரந்தோறும் அசைன்மென்ட்டில் வாங்கிய மதிப்பெண்களை அவளால் பார்க்க முடியவில்லை. முகம் வாடிவிட்டது. நீங்களாவது இனி சேரும்போது சொந்த முகவரியையே கொடுங்கள்.

ஆனால் பாடம் எங்கும் போகவில்லை. என்பிடெல் தளத்தின் முகப்பில் கோர்ஸஸ் பகுதியைத் திறந்து, துறையைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் கிடைக்கும். வீடியோ பார்க்க லாக்இன் தேவையில்லை. யூடியூப்பிலும் பாடத்தின் பெயருடன் என்பிடெல் என்று சேர்த்துத் தேடலாம். பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு.

முடிந்துபோன பாடத்திற்கு இப்போது தேர்வு எழுத முடியாது. சான்றிதழ் வேண்டுமானால் அதே பாடம் மீண்டும் நடத்தப்படும்போது புதிதாகச் சேர வேண்டும். அசைன்மென்ட்டில் 25-க்கு 10, தேர்வு மையத்திற்கு நேரில் சென்று எழுதும் தேர்வில் 75-க்கு 30 எடுத்தால் தேர்ச்சி.

அன்றிரவே நான்காவது வாரத்துப் பாடத்திலிருந்து பார்க்கத் தொடங்கிவிட்டாள். குழந்தையைத் தூங்க வைக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.