குருதி வித்துக்களின் குடியேற்றம்

எலும்பின் உட்புழையை நிரப்பியுள்ள மஜ்ஜையே குருதியின் பிறப்பிடம் என்பதை நாம் உடல்நூற் பாடத்திற் கற்றுள்ளோம். செவ்வணு ஏறத்தாழ 120 நாள் வாழும். குருதியை உறையச் செய்யும் தட்டணு பத்து நாளைக் கடப்பதரிது. இவ்விழப்பை இடையறாது ஈடுசெய்பவை மஜ்ஜையில் வதியும் குருத்தணுக்களாம். இவை தம்மையும் பெருக்கிக்கொண்டு, எல்லா வகைக் குருதியணுக்களையும் ஈனுகின்றன.

குருதிப் புற்றுநோய் முதலியவற்றில், நோயுற்ற மஜ்ஜையை மருந்தாலும் கதிராலும் அழித்துப் பிறரது குருத்தணுக்களைச் செலுத்துதல் உண்டு. செலுத்துமிடம் எலும்பன்று, குருதி ஏற்றுவது போலச் சிரைவழியே செலுத்துகின்றனர். அங்ஙனமாயின், உடலெங்கும் சுழலும் அவ்வணுக்கள் தம் இருப்பிடத்தை எவ்வாறு அறிகின்றன? இதுவே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த வினா.

முன்னாளில் அவை செல்கின்றனவோ என்பதே ஐயமாயிருந்தது. 1949-இல் சிக்காகோவில் ஜேக்கப்ஸன் என்பார், எலிகளின் மண்ணீரலை ஈயத்தால் மறைத்துக் கொடிய கதிர்களைப் பாய்ச்ச, அவை பிழைத்தன. மண்ணீரலினின்று ஏதோவொரு சாறு சுரந்து காத்ததெனப் பலர் கருதினர். 1956-இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில், குரோமோஸோம் அடையாளமுடைய அணுக்களைச் செலுத்தி ஆய்ந்தபோது, பிழைத்த எலியின் மஜ்ஜையிற் பெருகியிருந்தவை ஈந்த எலியின் அணுக்களே என்று தெளிந்தது. சாறன்று, வித்தே என்க. 1961-இல் கனடாவின் டில், மக்கல்லக் இருவரும், செலுத்திய அணுக்களின் தொகைக்கேற்ப மண்ணீரலில் முடிச்சுக்கள் எழக் கண்டனர்.

இனி வழியைக் காண்பாம். மஜ்ஜையிலுள்ள சில அணுக்கள் சி.எக்ஸ்.சி.எல்.12 என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அதைப் பற்றும் சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்னும் ஏற்பி குருத்தணுவின் மேலுள்ளது. மஜ்ஜையின் நுண்குழாய்ச் சுவரில் அணு முதலில் உருளும், பின் ஒட்டும், பின்னர்ச் சுவரணுக்களினூடே நுழைந்து உட்புகும். யாவும் சேர்வதில்லை, நுரையீரலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கி வீணாவன பல. ஆகவேதான் நோயாளியின் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 20 இலட்சம், சி.டி.34 என்னும் அடையாளமுடைய அணுக்கள் வேண்டுமென்பர். இப்பிடிப்பைத் தளர்த்தினால் அணுக்கள் வெளிப்போதும். ஜி.சி.எஸ்.எஃப். மருந்தைக் கொடுத்து, கொடையாளியின் ஓடுங் குருதியிலிருந்தே அவற்றைத் திரட்டுவது இம்முறையாலேயே. அந்த ஏற்பியையே மறிக்கும் பிளெரிக்ஸஃபோர் 2008-இல் அமெரிக்காவில் இசைவு பெற்றது.

குடியேறிய அன்றே குருதி ஊறுவதில்லை. பழைய மஜ்ஜை அழிந்து, புதியது முளையாத அந்நாட்களே உயிருக்கு அஞ்சத்தக்கன. சிறு கிருமியும் கொல்லும். சிறு கசிவும் நில்லாது. தட்டணுக்களையும் செவ்வணுக்களையும் பிறரிடமிருந்து ஏற்றியே நாட்களைக் கடத்துவர். ஒரு கனமில்லிமீட்டரில் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் 500-க்குக் குறையாது மூன்று நாள் தொடர்ந்து நிற்பின், நட்டது பற்றியதென்பர். ஓடுங் குருதியிலிருந்து எடுத்த அணுக்களுக்கு இது பெரும்பாலும் இரு வாரம். மஜ்ஜையிலிருந்து எடுத்தவற்றிற்குச் சுமார் மூன்று. தொப்புட்கொடிக் குருதியில் தொகை குறைவாதலின் இன்னும் தாமதம். 1957-இல் அமெரிக்க வைத்தியர் தாமஸ் மஜ்ஜை செலுத்திய அறுவரும் நூறு நாளுக்குள் மாண்டனர். அவர் முயற்சியைக் கைவிட்டாரல்லர். 1990-இல் நோபெல் பரிசு பெற்றார்.

நோய்த்தடையைப் பேணும் நிணவணுக்கள் முற்றும் மீள ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். ‘ஏ’ வகைக் குருதியுடையவர் ‘ஓ’ வகையாரது அணுக்களைப் பெற்றால், பழைய செவ்வணுக்கள் மாய்ந்த பின், அவரது குருதியும் ‘ஓ’ வகையாகவே மாறிவிடும்.