யாருக்குப் பதில் சொல்வது

அன்புள்ள மருமகனுக்கு அத்தை எழுதுவது.

உன் அம்மா போனில் எல்லாம் சொன்னாள். குடோனில் பண்டல் குறைகிறது, ஸ்டாக் புத்தகம் எழுதுகிறவன் நீ, ஆகவே எடுத்தவனும் நீதான் என்று கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸில் பேச்சு கிளம்பியிருக்கிறதாம். நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாம். ஆகஸ்ட் 15 அன்று காமநாயக்கன்பட்டி மாதா கோயிலுக்குக்கூட வரமாட்டேன் என்றாயாம். நீ எடுத்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதற்கு நீ எனக்கு விளக்கம் எதுவும் எழுத வேண்டாம்.

கிறிஸ்தவன் என்றால் வாயைத் திறக்காமல் பொறுத்துக்கொள்ள வேண்டும், மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதில் பாதிதான் சரி. பாடுகளின் வரலாற்றை எடுத்து நிதானமாக வாசித்துப் பார். பொய்ச்சாட்சிகள் மாறி மாறிப் பேசியபோது இயேசு பேசவில்லை. ஏரோது வேடிக்கை பார்க்கும் ஆசையில் கேள்விமேல் கேள்வி கேட்டான்; அவனுக்கும் ஒரு பதில் கிடைக்கவில்லை. ஆனால் காவலன் கன்னத்தில் அறைந்தபோது, நான் பேசியதில் என்ன தப்பு என்று காட்டு, தப்பில்லை என்றால் ஏன் அடிக்கிறாய் என்று அவர் கேட்டிருக்கிறார். அருளப்பர் தம் நற்செய்தியில் இதை மறக்காமல் எழுதி வைத்தார். நீ அரசனா என்று பிலாத்து விசாரித்தபோதும் பதில் சொன்னார். யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லாமல் இருப்பது என்று அவர் பார்த்துத்தான் நடந்திருக்கிறார். அப்போஸ்தலர் சின்னப்பரும் அப்படியே. எருசலேமுக்கு அனுப்பினால் நியாயம் கிடைக்காது என்று தெரிந்ததும், சீசரிடமே முறையிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொன்னதில்லை.

நம் பக்கத்து ஆளையே எடுத்துக்கொள். நாகர்கோவில் ரயிலில் போகும்போது ஆரல்வாய்மொழி வருமே, அங்கே காற்றாடி மலையில்தான் தேவசகாயத்தைச் சுட்டார்கள். ஞானஸ்நானத்துக்கு முன் அவர் பேர் நீலகண்டன். 1712-ல் நட்டாலத்தில் பிறந்தவர், மார்த்தாண்ட வர்மா மகாராஜாவிடம் அரண்மனை அலுவலர். 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு மகாராஜாவின் படைக்கே தளபதியான டச்சுப் படை அதிகாரி டிலனாய் அவருக்குச் சிநேகிதர். வீட்டில் இழப்புமேல் இழப்பு வந்து நீலகண்டன் ஒடிந்திருந்த சமயத்தில், டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னாராம்.

யோபு என்றதும் பொறுமை என்று சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அந்தக் கதையில் பெரிதாகப் படுவது வேறு. சிநேகிதர்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு, நீ ஏதோ செய்திருப்பாய், இல்லாவிட்டால் இப்படி வருமா என்று அத்தியாயம் அத்தியாயமாகக் குடைகிறார்கள். யோபு அசையவில்லை. அழுகிறார், கடவுளிடமே வழக்காடுகிறார். ஆனால் செய்யாத பாவத்தைச் செய்ததாக ஒப்புக்கொள்ளவே இல்லை. தேவசகாயம் கேட்ட முதல் வேதக்கதைகளில் இது ஒன்று என்பதை நினைத்துப் பார்.

1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கினார். 1749-ல் ராஜத்துரோகம், வேவு பார்த்தது என்று பழி சுமத்திப் பதவியைப் பறித்துச் சிறையில் போட்டார்கள். எருமையில் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள் என்றெல்லாம் சொல்வார்கள். ஏறக்குறைய மூன்று வருஷம் இப்படி. விசுவாசத்தை விட்டுவிட்டால் வெளியே வந்திருக்கலாம். அவர் விடவில்லை, 1752 ஜனவரி 14-ல் சுட்டுக் கொன்றார்கள். உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் இருக்கிறது.

2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். 270 வருஷம்! அதன் பிறகாவது பேச்சு ஓய்ந்ததா? மதத்துக்காகத் தண்டித்ததற்கு ஆதாரம் இல்லை, அரசாங்க விவகாரத்தில்தான் சிக்கினார் என்று எழுதுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. புனிதருக்கே இந்தக் கதி. கோவில்பட்டியில் எல்லா வாயும் மூடிய பிறகுதான் தலை நிமிர்வேன் என்று நீ உட்கார்ந்திருந்தால், உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான்.

கரிசக்காட்டில் மழைக்குப் பிறகு நடந்தவன் நீ. காலில் ஒட்டிய மண்ணை ஈரத்தோடு வழித்தால் கையெல்லாம் அப்பிக்கொள்ளும். காயவிட்டால் தட்டினாலே உதிரும். டீக்கடைப் பேச்சுக்கும், வாட்ஸ்அப்பில் வரும் குத்தலுக்கும் நீ சொல்லும் ஒவ்வொரு பதிலும் ஈரத்தில் வழிப்பதுதான். அங்கே பேசாதே. பேச வேண்டிய இடம் முதலாளி முன்னால். இருப்புக் கணக்கு, லோடு ஏறிய தேதி, யார் கையெழுத்தில் போனது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி நகல் எடுத்து வைத்துக்கொண்டு ஒருமுறை தெளிவாகச் சொல். குரலை உயர்த்தாதே, அழவும் செய்யாதே.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. லோடுமேன் ஒருவன்மேல் உனக்குச் சந்தேகம் என்று அம்மா சொன்னாள். கண்ணால் பார்த்தாயா? இல்லையென்றால் அந்தப் பேரை உன் வாயில் எடுக்காதே. உனக்குச் செய்ததையே நீ இன்னொருவனுக்குச் செய்தால், அதன் பிறகு நீ குற்றமில்லாதவன் இல்லை. அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்.

இன்னொன்று. சின்னதாகத் தப்பு நடந்துவிட்டது என்று எழுதிக் கொடு, பணத்தைக் கட்டு, பேசாமல் முடித்துக்கொள்வோம் என்று பெரிய மனுஷர் யாராவது வருவார். நல்லெண்ணத்தில்கூட வருவார். மறுத்துவிடு. அது அமைதி இல்லை, பொய். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லாத வரைக்கும் நேரத்துக்குப் போய் உன் புத்தகத்தை ஒழுங்காக எழுது.

துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல், மாமா வருகிறார். கணக்கு வழக்கெல்லாம் அவருக்கு அத்துபடி. 15-ஆம் தேதி கோயிலுக்கு வா. முதலில் சாப்பிடு. எந்த வெற்றுத்தாளிலும் கையெழுத்துப் போடாதே.

இப்படிக்கு
அத்தை