திருநந்தவனக் கைங்கரியமும் நகரத்து மரங்களும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஆடிப்பூரம் ஆண்டாள் திருவவதரித்த நன்னாள். அன்று மாலை திருமலையில் ஒரு தனிச்சிறப்புடைய வைபவம் நடைபெறுகின்றது. மலையப்ப ஸ்வாமி உபயநாச்சிமார்களுடன் அனந்தாழ்வான் தோட்டத்திற்கு எழுந்தருளுகின்றான். அங்கே நிற்கும் மகிழ மரம் ஒன்றிற்கு எம்பெருமானுடைய ஸ்ரீசடாரி ஸாதிக்கப்பெறுகின்றது, மாலையும் சாற்றப்பெறுகின்றது. சடாரி பெறுதல் அடியார்களுக்கு உரிய பேறு. அப்பேறு ஒரு மரத்திற்கு வாய்த்தது எங்ஙனம்? அம்மரத்தை அனந்தாழ்வானாகவே பாவித்துப் பெருமான் அம்மரியாதையை அளிக்கின்றான் என்பது ஸம்பிரதாயம். தோட்டம் வைத்த ஓர் அடியவரை மரத்தின் வடிவில் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்ற பெருமாளின் திருவுள்ளம் எத்தகையது என்பதைச் சிந்தித்தல், மரம் நடும் தொண்டு பரவிவரும் இந்நாளில் மிகவும் பயனுடையதாகும்.

அனந்தாழ்வான் வைத்த தோட்டம்

ஸ்வாமி எம்பெருமானார் திருவரங்கத்தில் திருவாய்மொழிக்குப் பொருள் அருளிச்செய்துகொண்டிருந்த காலத்தில், திருவேங்கடமுடையானுக்குப் புஷ்ப கைங்கரியம் செய்ய ஆள் இல்லையே என்று திருவுள்ளம் நொந்து, "திருமலைக்குச் சென்று அக்கைங்கரியத்தை ஏற்பார் உண்டோ?" என்று கோஷ்டியைக் கேட்டார். மலைக்குளிருக்கு அஞ்சியும், அரங்கனையும் ஆசார்யனையும் பிரிய மனமின்றியும் எல்லோரும் மௌனமாயிருந்தனர். அப்பொழுது எழுந்து நின்றவர் அனந்தாழ்வான். அவ்வொரு செயலுக்காகவே உடையவர் அவரை ஆண்பிள்ளை என்று கொண்டாடினார் என்பர்.

திருமலையை அடைந்த அவர் முதலிற் செய்தது பூச்செடி நட்டதன்று. நீருக்கு வழி தேடியதே. செடிகளுக்குத் தண்ணீர் வேண்டும் என்று தம் கையாலேயே ஏரி வெட்டத் தொடங்கினார். அவர் மண்ணை வெட்ட, கருவுற்றிருந்த அவருடைய தர்மபத்தினி கூடையிற் சுமந்து கொட்டினார். அத்துன்பத்தைக் காணப் பொறாத எம்பெருமான் ஒரு சிறுவன் வடிவில் வந்து, அம்மையாரின் கூடையைத் தான் வாங்கிச் சுமந்தான். தம் கைங்கரியத்திற் பிறர் பங்கு கொள்வதைப் பொறாத அனந்தாழ்வான் சினந்து கடப்பாரையை வீச, அது சிறுவனின் மோவாயிற் பட்டது. பின்னர் ஸந்நிதியில் பெருமாளின் திருமோவாயில் குருதி கண்டு, வந்தவன் யார் என்று உணர்ந்து உருகினார். அதன் நினைவாகவே இன்றளவும் திருவேங்கடமுடையானின் மோவாயில் பச்சைக் கற்பூரம் சாற்றப்பெறுகின்றது. அக்கடப்பாரை மஹாத்வாரத்தில் தொங்குவதையும் சேவார்த்திகள் காணலாம்.

இதிலிருந்து கற்கவேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று பாடங்கள் கிடைக்கின்றன.

முதலாவது, கைங்கரியம் என்பது ஒரு நாட் செயலன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும் திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் வைத்துத் திருமாலை கட்டிச் சமர்ப்பித்தது நாள்தோறும் நிகழ்ந்த தொண்டு. செடிக்கு விடுமுறை நாள் கிடையாது. ஒரு நாள் நீர் தவறினாலும் மறுநாள் இலை வாடிச் சொல்லிவிடும்.

இரண்டாவது, தொண்டில் 'நான்' என்பது கரையவேண்டும். அனந்தாழ்வான் தாம் உண்டாக்கிய தோட்டத்திற்குத் தம் பெயரை இடவில்லை. தம் ஆசார்யனாகிய இராமாநுசன் திருநாமத்தையே இட்டார். உலகமோ அதை இன்று அனந்தாழ்வான் தோட்டம் என்று வழங்குகின்றது. தேடாதவரிடம் புகழ் தானே வந்து சேர்ந்தது.

மூன்றாவது பாடம் சற்று நுட்பமானது. பிறர் உதவியை அனந்தாழ்வான் மறுத்தது தம் பக்தியின் உறைப்பினால். ஆயினும் மண் சுமக்க வந்தவன் எம்பெருமானே என்பதை அறிந்தபின், கூடை சுமக்க வரும் எந்தச் சிறுவனையும் விலக்க ஓர் அடியவனுக்கு மனம் வருமோ? தெருவில் மரம் நடுமிடத்தில் பள்ளிச் சிறுவரும், கடைக்காரரும், முதியோரும், துப்புரவுப் பணியாளரும் வந்து கைகொடுப்பார்களாயின், அவர்களுள் எவன் மலையிலிருந்து இறங்கி வந்தவன் என்று யார் அறிவார்?

மதிலுக்கு வெளியே

நந்தவனம் திருமதிலுக்கு உட்பட்டது. தெருமரம் வெளியே நிற்பது. அதனைப் பேணுதல் கைங்கரியம் ஆகுமோ என்ற ஐயம் எழலாம். பகவானுக்குச் செய்யும் தொண்டினும் அவன் அடியார்க்குச் செய்யும் பாகவத கைங்கரியம் உயர்ந்தது என்பது பூர்வாசார்யர்களின் துணிபு. சித்திரை வெயிலில் வெறுங்காலுடன் பாதயாத்திரை வருவோர்க்கு ஒரு புங்க மரத்து நிழல் என்ன செய்யும் என்பதை நடந்து வந்தவரே அறிவர்.

நகரங்களில் இத்தொண்டின் அருமையைச் சென்னை நகரம் ஒரே நாளில் உணர்ந்தது. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல், மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் அந்நகரைக் கடந்தபொழுது பல்லாயிரம் மரங்கள் வீழ்ந்தன. விரைவில் வளர்ந்து நிழல் தருகின்றன என்று நடப்பெற்ற அயல்நாட்டு மரங்கள் அவற்றுட் பல. செந்நிறப் பூக்களால் கண்ணைக் கவரும் குல்மோகர் மடகாஸ்கர் தீவிலிருந்தும், தூங்குமூஞ்சி மரம் அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்தும் வந்தவை. மரத்தின் குற்றம் மட்டுமன்று; மனிதரின் குற்றமும் உண்டு. குழாய்க்கும் கம்பிக்கும் பள்ளம் தோண்டியபோதெல்லாம் வேர்கள் அறுக்கப்பட்டன. அடிமரம்வரை சிமெண்ட் பூசப்பட்டதால் மண் மூச்சற்றுப்போயிற்று. வேர் இழந்த மரம் காற்றை எதிர்த்து நிற்பது எவ்வாறு?

அதே நகரில் ஆறுதலான காட்சியும் ஒன்று உண்டு. அடையாற்றங்கரையில் கோட்டூர்புரத்தில், குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டப்பட்டுக் கிடந்த நிலத்தை, 'நிழல்' என்னும் அமைப்பின் தொண்டர்கள் 2006ஆம் ஆண்டு முதல் மரப்பூங்காவாக மாற்றினர். ஞாயிற்றுக்கிழமைகளிற் கூடிக் களை எடுப்பதும், மூடாக்கு இடுவதும், நீர் வார்ப்பதுமாக அவர்கள் உழைத்தனர். நம் நாட்டு மரங்களையே தேர்ந்து வளர்த்தனர். மாளிகை கட்டுவோர்க்கு ஓராண்டு போதும். மரம் வளர்ப்போர்க்குப் பல ஆண்டுகள் வேண்டும் என்பதற்கு அத்தோப்பு சான்றாக நிற்கின்றது.

தொண்டின் முறை

இக்கைங்கரியத்தை மேற்கொள்ள விரும்பும் அன்பர்கள் அறியவேண்டிய முறைகள் சில.

திருநாட் காலத்தில் கன்று நடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. பங்குனி, சித்திரைத் திருநாள்களில் நட்ட கன்று வேர் பிடிப்பதற்குள் அக்கினி நட்சத்திரம் வந்துவிடும். ஆகவே கோடைத் திருநாளில் குழியை மட்டும் எடுத்து, மூன்றடி நீள அகல ஆழத்தில் வெயிலில் ஆறவிட்டு, ஐப்பசி மழை தொடங்கும்போது மட்கிய எருவும் மண்ணும் கலந்து இட்டு நடுதல் நன்று. அடுத்த கோடைக்குள் வேர் சற்றே ஆழ்ந்துவிடும். தெருவோரத்திற்கு ஆள் உயரக் கன்று ஏற்றது. ஆடு மாடுகளின் வாய்க்கு அதன் கொழுந்து எட்டாது.

வேம்பு, புங்கம், பூவரசு, புன்னை, நாவல், இலுப்பை, மகிழம் ஆகியவை நம் மண்ணுக்குப் பழகியவை. கடற்கரை ஊர்களுக்குப் புன்னையும் பூவரசும், குளக்கரைக்கு மருதும் நாவலும் தகும். மகிழம் மெல்ல வளர்வது. இன்று நடுபவர் அதன் முழு நிழலைக் காண்பது அரிது. ஆயினும் ஆண்டு முழுதும் இலையுதிர்ந்து மொட்டையாகாமல், உதிர்ந்து உலர்ந்த பின்னும் மணம் மாறாத பூக்களைத் தருவது. நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்ற திருநாமம் அம்மலராலேயே வந்தது.

இடத்தேர்விலும் விழிப்பு வேண்டும். அரசும் ஆலும் தெய்வத்தன்மை வாய்ந்தவையே. எனினும் மதிலுக்கும் விமானத்திற்கும் அருகில் அவை வேரூன்றினால் கல்லைப் பிளந்துவிடும். அவற்றுக்கு ஊர்ப்பொது வெளியும் ஏரிக்கரையுமே உரிய இடம். திருத்தேர் ஓடும் வீதியில் கிளை பரப்பும் மரத்தை நட்டுப் பின்னர் ஆண்டுதோறும் வெட்டுவதைக் காட்டிலும், அடுத்த வீதியில் நடுவதே அறிவுடைமை. அடிமரத்தைச் சுற்றி நான்கடிச் சதுரமேனும் சிமெண்ட் இன்றி மண்ணாக விடுதல் வேண்டும். மரத்தில் ஆணி அடித்து விளம்பரப் பலகை மாட்டுதல் பெரும்பிழை. கன்றைக் காக்க இட்ட இரும்புக் கூண்டை, மரம் பருத்ததும் அகற்றாவிடில் அதுவே மரத்தை அறுக்கும் விலங்காகும்.

எல்லாவற்றினும் தலையாயது நீர். முதல் மூன்று கோடைகளில் பங்குனி தொடங்கி ஆனி முடிய, வாரம் இருமுறையேனும் ஒரு குடம் நீர் வார்க்கப்பெற்ற கன்று பெரும்பாலும் பிழைக்கும். அதன்பின் அது தன் நீரைத் தானே தேடிக்கொள்ளும். ஆதலால் ஒரு குழுவினர் நூறு கன்றுகளை நட்டுவிட்டுக் கலைவதினும், பத்துக் கன்றுகளை நட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீட்டாரைப் பொறுப்பாக்குதல் மேலானது. ஒரு வீட்டார் வெளியூர் சென்றாலும் மற்றொரு வீட்டார் பார்த்துக்கொள்வர்.

வனமஹோத்ஸவம் என்னும் மரநடு விழா நம் நாட்டில் 1950ஆம் ஆண்டு கே. எம். முன்ஷி அவர்களால் தொடங்கப்பெற்றது. அன்றுமுதல் எத்தனையோ கன்றுகள் ஆரவாரத்துடன் நடப்பெற்றன. நட்ட குழியிலேயே மறு ஆண்டும் நட நேர்ந்த ஊர்கள் உண்டெனில், அங்கே குறைந்தது கன்று அன்று. கன்றுக்கு நீர் வார்க்கும் கை. துவஜாரோஹணத்தன்று கூடும் கூட்டம் கொடி இறங்கியதும் கலைந்துவிடும். ஆயினும் பெருமாளுக்கு மறுநாளும் திருவாராதனம் உண்டு. நந்தவனத்திலிருந்து மறுநாளும் மாலை வரவேண்டும். திருநாளின் பெருமை கூட்டத்தில் விளங்கும். கைங்கரியத்தின் பெருமை கூட்டம் கலைந்த மறுநாட் காலையில் விளங்கும்.

திருநாள் ஸேவித்து ஊர் திரும்பும் அன்பர் ஒவ்வொருவர் தெருவிலும் நீர் இன்றி வாடும் கன்று ஒன்றேனும் இருக்கக்கூடும். அதை யார் நட்டார் என்று கேட்கவேண்டுவதில்லை. இராமாநுசன் திருநாமத்தைச் சொல்லி ஒரு குடம் நீரை அதன் அடியில் வார்த்து, அடுத்த மூன்று நாள்கள் கழிந்ததும் மீண்டும் வார்ப்பாராயின், திருமலையில் சடாரி பெறும் அம்மகிழ மரத்தின் கைங்கரியத்தில் அவருக்கும் அந்வயம் உண்டு.

சுபம்.